ஊசியக்காவின் பெட்ரோல் வண்டி

டீசல் வண்டியை விற்றது ஊசியக்காதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கணவரின் அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதும் அவள் மழுப்பவில்லை. ஆமா மாமா, நான்தான் வித்தேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ரத்தம் பிடிக்கிற கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் காலைக்குப் பதினொரு வீடு இருந்தது. சண்டை போடவும் நேரம் வேண்டுமே.

ஊசியக்கா என்பது அவள் போகிற வீடுகளில் பிள்ளைகள் வைத்த பெயர். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக விடிந்தும் விடியாததுமாக வீடு வீடாய்ப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும் பசியோடும் எரிச்சலோடும்தான் திறப்பார்கள். எடுத்ததை ஐஸ் போட்ட பெட்டியில் அடுக்கி ஒன்பதரைக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் மறுநாள் அத்தனை பேரையும் மறுபடி குத்த வேண்டும். ஒரு தடவை குத்தியதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டாம் தடவைக்கு என்ன மரியாதை செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தையல் மெஷினுக்கான உதிரி சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆறு ஊர் கடைகளுக்கும் போட்டு வந்தவர். பெல்ட், பாதம், விளக்கு, எண்ணெய், நூல் சுற்றுகிற பாபின் என்று எல்லாம்தான் விற்றார், ஆனால் கடைக்காரர்கள் அவரை 'பாபின் சார்' என்றே கூப்பிட்டார்கள். அப்படியாக ஊசிக்கும் பாபினுக்கும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் ஆனது. இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவர்தான். அவளுக்குப் பத்தாவது தடவையே சலித்துவிட்டது. இப்போது அவர் அதை இன்னொரு தடவை சொன்னால் காலில் விழுந்து கும்பிடுவாள்.

ஏனென்றால் பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் பாதி திரும்பி வந்தது. கை கால்வாசி வந்தது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"அதான்."

பசிக்குதா என்றால் அதான். பசிக்கவில்லையா என்றாலும் அதான். வலி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அதான், டிவியில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் துள்ளிக்கொண்டு ஒரு அதான். வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். ஊசியக்காவுக்கு மட்டும் அதில் ஏழெட்டு வகை பிடிபட்டிருந்தது. இழுத்துச் சொன்னால் வேண்டாம், வெட்டிச் சொன்னால் சரி, மூக்கால் சொன்னால் உன்னோடு பேச எனக்கு விருப்பமில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் வாரம் இரண்டு நாள் சாவி, மீன், கோப்பை என்று படம் படமாகக் காட்டிப் பார்த்தாள். மனுஷன் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, வியர்த்து, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு அதான் என்பார். அந்தக் குனிதலைப் பார்க்க முடியாமல் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள்.

காலையில் அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. அதனால் கூடவே அழைத்துக்கொண்டு போனாள். முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைப்பாள். நன்றாக இருந்த இடது கையால் அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திருப்பத்தில் பெட்டி ஒரு விரற்கடை நகராது. அந்த வேலையில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

அப்போது அது டீசல் வண்டி. பதினொரு வருடம் அவர் கையில் ஓடியது. நீளமான, கனமான, காலையில் எழுப்பினால் தெருவே எழுந்துகொள்கிற வண்டி. அவர் ஓட்டின காலத்தில் அதில் அவளுக்கு இருந்த வேலை தூங்குவது ஒன்றுதான். லீவு நாளில் வெளியூர் போனால் முதலில் பெட்ரோல் பங்கில் நிற்பார். டீசல் போட்டு, மூடியை இறுக்கச் சொல்லி, வந்து உட்கார்ந்ததும் அவள் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட வேண்டும், அது அந்த வண்டியின் சட்டம். பங்கைத் தாண்டி சாலையில் என்ன இருக்கிறது என்று அந்தப் பதினொரு வருடமும் அவளுக்குத் தெரியாது. இப்போது அந்த வண்டியை அவள் ஓட்டினாள். சந்துக்குள் நுழைக்க முடியாமல், நிறுத்த இடமில்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துத் தோள்பட்டை கழல ஓட்டினாள்.

அதோடு அது அடிக்கடி நின்றது. மெக்கானிக் அவளை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னான். இந்த வண்டி தூரம் ஓடப் பிறந்தது, நீங்கள் இதை ஒரு தெரு ஓட்டி அணைத்து, மறுபடி ஒரு தெரு ஓட்டி அணைக்கிறீர்கள், புகை போகிற குழாயெல்லாம் கரி அடைத்துக் கிடக்கிறது, வாரம் ஒரு நாளாவது நூறு கிலோமீட்டர் விரட்டினால்தான் அந்தக் கரி எரியும் என்றான். நூறு கிலோமீட்டரா? அவளுக்கு நூறு அடி நடக்கத் தெம்பில்லை. மூன்றாவது தடவை நடுரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி உறுமிக்கொண்டு நகர மறுத்த அன்று முடிவு பண்ணிவிட்டாள். டீசலைக் கொடுத்துவிட்டு, மெக்கானிக்குக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து சின்னப் பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கினாள். பின்கதவு மேலே திறக்கிற, குட்டையான, யாரோ ஒருவர் ஆறு வருடம் ஓட்டித் தள்ளிய வண்டி.

கணவரின் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அவன் எந்திரிச்சு வந்தா எதை ஓட்டுவான்?"

அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. அவர் இனி ஓட்டப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் சொல்லாமல் சொன்னார், அவளும் கேட்காமல் கேட்டுக்கொண்டாள். அத்தனை நாள் யாரும் வாயைத் திறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்ததை, வண்டியை விற்று அவள் ஊரறியச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் விற்றாள் என்பதும் உண்மை. வித்துரலாமாங்க என்று கேட்டாள். அவர் அதான் என்றார். அது எந்த அதான் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் விற்க முடியாது.

வாங்கினவர் வந்து வண்டியை எடுத்துப் போன அன்று, அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கரகரச் சத்தம் தெருமுனையில் திரும்பி, பெரிய ரோட்டில் ஏறி, தேய்ந்து, காணாமல் போகிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் படுத்தார். அன்றிலிருந்து அந்த ஒரு அதானும் நின்றுபோனது.

ஒரு நாள் கோபம் என்று நினைத்தாள். மூன்று நாளில் சரியாகும் என்று நினைத்தாள். பத்து நாள் ஆனது. டீச்சர் படம் காட்டினால் ஜன்னலைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு வாயைத் திறந்தார், மற்றதற்குத் திறக்கவில்லை. அந்த ஒரு சொல்லையும் நானே பிடுங்கிவிட்டேன் என்று ஊசியக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். ராத்திரி அழலாம் என்றால் படுத்த உடனே தூக்கம் வந்துவிடும், அழுகைக்கும் முறை வரவில்லை.

புது வண்டி அவளுக்குத் தோதாகத்தான் இருந்தது. ஒரு கையால் திருப்பலாம், எந்தச் சந்திலும் நுழைக்கலாம். சத்தம்தான் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினை ஓடவில்லை என்று நினைத்து மறுபடி சாவியைத் திருகுவாள், அது கிறீச்சென்று கத்தி, இரண்டு பேரையும் தூக்கிப்போடும். முன்பென்றால் பாபின் சார் இதற்கு ஒரு வாரம் கேலி பண்ணியிருப்பார். இப்போது பெட்டியை அணைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள், ஒன்பது மணி வாக்கில், கடைசி வீட்டையும் முடித்துக்கொண்டு அவள் பங்குக்குள் வண்டியை விட்டாள். இந்த வண்டிக்கு அதுதான் முதல் தடவை. பெட்ரோல் முள் அடியைத் தொட்டிருந்தது. முன்னால் ஒரு வண்டி நின்றது. ஊசியக்காவுக்கு விடியற்காலையிலிருந்து ஒதுங்க இடம் கிடைக்கவில்லை. ரத்தம் எடுக்கப் போகிற வீட்டில் எல்லாம் கழிப்பறை கேட்க முடியுமா? சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, இதோ வந்துடறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பங்கின் பின்பக்கம் ஓடினாள்.

திரும்பி வந்தபோது முன்னால் நின்ற வண்டி போய்விட்டிருந்தது. நீலச் சட்டை போட்ட பங்க்காரம்மா குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். போட்டாச்சுக்கா என்றாள். வேலை மிச்சம் என்று ஊசியக்கா அட்டையை நீட்டினாள், சீட்டை வாங்கிப் பார்க்காமலே பைக்குள் திணித்தாள், ஏறி உட்கார்ந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். உதடு குவிந்தது.

"அப்புறங்க, அப்புறம். நேரமாச்சு" என்று சொல்லி அவள் வண்டியை எடுத்துவிட்டாள்.

ஒரு சிக்னல் தாண்டியது. அடுத்த திருப்பத்தில் வண்டி விக்கியது. குழாயில் மிச்சம் இருந்த பெட்ரோல் அதுவரைதான் வந்தது போல. அப்புறம் குலுக்கி எடுத்து, பின்னால் வெள்ளையாகப் புகையைத் தள்ளி, ஒரு மரத்தடியில் ஓரமாய்ப் போய் நின்றுவிட்டது. சாவியைத் திருகினாள். இருமியது. மறுபடி திருகினாள். இருமக்கூட இல்லை.

மெக்கானிக்கின் கடை பக்கத்தில்தான் இருந்தது, புண்ணியம். ஸ்கூட்டரில் வந்தவன் டேங்க் மூடியைத் திறந்து ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தான். மூடிக்குள் பெட்ரோல் என்று ஒட்டியிருந்த சீட்டு உரிந்து பசை மட்டும் மிஞ்சியிருந்ததையும் பார்த்தான். அவனுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

"அக்கா, உள்ள டீசல் போயிருக்கு. டேங்க் நிறைய."

ஊசியக்கா மணியைப் பார்த்தாள். அவர் மடியிலிருந்த பெட்டியை வாங்கி மெக்கானிக்கின் ஸ்கூட்டரில் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, கூடத்தில் கொடுத்துவிட்டு வா என்று அவனை அனுப்பினாள். மணி ஒன்பது இருபது. அவர் பக்கத்து ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். பிறகு பங்கைப் பார்த்து நடந்தாள். பதினான்கு மாதமாக யாரையும் ஒரு வார்த்தை சொல்லாதவள். டாக்டரைச் சொல்லவில்லை, அண்ணனைச் சொல்லவில்லை, வெறும் வயிற்றுக்காரர்களைச் சொல்லவில்லை. அத்தனையையும் சேர்த்து இன்றைக்கு அந்த நீலச் சட்டைக்காரியிடம் கொட்டிவிடுவது என்று நடந்தாள்.

கொட்டவும் செய்தாள். வண்டியைப் பார்த்தால் தெரியாதா, கண்ணை எங்கே வைத்திருந்தாய், ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லையா என்று பங்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். பங்க்காரம்மா அவள் வயதுக்காரிதான், அவள் அளவுக்கே களைத்தவள். நடுவில் குறுக்கிடாமல் முழுதாகக் கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்தாள்.

"கேட்டேன்க்கா. கேட்காம நான் யாருக்கும் போட மாட்டேன். சார்தான் டீசல்னு சொன்னாரு."

"அவருக்குப் பேச்சே வராதும்மா. பதினாலு மாசமா வராது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியா தெளிவா சொன்னாரு. 'டீசல், ஃபுல் பண்ணிடும்மா'ன்னாரு. 'சீரோ பாத்துக்கோ'ன்னாரு. போட்டு முடிச்சதும் 'மூடிய இறுக்கு'ன்னாரு. நான் இறுக்கினேன்."

காற்றடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பீப்பாய் கவிழ்த்துப் போட்டிருந்தது. ஊசியக்கா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மூடிய இறுக்கு. பதினொரு வருடமாக ஒவ்வொரு பங்கிலும், குழாயை எடுத்த நொடியில், வேலைக்காரனுக்கு எரிச்சல் வருகிற மாதிரி அவர் சொல்கிற வார்த்தை அது. இந்தப் பங்க்காரம்மாவுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

இன்னொரு தடவை சொல்லும்மா என்று கேட்டாள். அவள் சொன்னாள். அவர் எந்த மாதிரி சொன்னார், நிறுத்தி நிறுத்தியா, ஒரே மூச்சிலா என்று கேட்டாள். ஒரே மூச்சில்தான், கொஞ்சம் அதட்டலாக என்றாள் பங்க்காரம்மா. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். நாலாவது தடவை சொல்லும்போது பங்க்காரம்மாவுக்கே விஷயம் பிடிபட்டுக் குரல் இறங்கிவிட்டது. பதினான்கு மாதம் அவள் ஒற்றைக்காலில் நின்று காத்திருந்த வார்த்தை, அவள் கழிப்பறைக்குப் போன நாலு நிமிஷத்தில், யாரோ ஒருத்திக்குக் கிடைத்திருக்கிறது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் ஊசியக்கா அந்தப் பீப்பாயின்மேல் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

வண்டிக்குத் திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னங்க, டீசல்னு சொன்னீங்களாமே என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, வியர்த்தது, உதடு அலைந்தது. ஒன்றும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். போகட்டும் விடுங்க என்று அவர் தலையைத் தடவிவிட்டாள்.

மெக்கானிக் ஒன்பது இருபத்தெட்டுக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தான். அன்று பூராவும் டேங்கை இறக்கி, குழாய்களைக் கழுவி, பிளக்குகளைத் துடைத்து மாட்டினான். நல்லவேளை, பெட்ரோல் வண்டிக்குள் டீசல் போனால் பிழைத்துக்கொள்ளும் என்றான். பேச்சுப் பயிற்சி டீச்சர் போனில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். யோசித்துப் பேசுகிற பேச்சு மண்டைக்குள் ஒரு பக்கம் இருக்கிறது, ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த பேச்சு வேறு பக்கம் இருக்கிறது, நீங்கள் கேட்டால் வராது, அந்த இடத்துக்குப் போனால் வரலாம் என்றாள். வராமலும் போகலாம் என்றும் சொன்னாள். அந்தப் பின்குறிப்பு இல்லாமல் எந்த வைத்தியக்காரர் பேசியிருக்கிறார்?

அடுத்த வாரம், பெட்டியைக் கூடத்தில் சேர்த்துவிட்டு, கை காலியாக, அவரை அதே பங்குக்கு அழைத்துப் போனாள். முந்தின நாள் டீச்சர் வீட்டில் இருந்த நேரம் பார்த்துத் தனியாக வந்து பங்க்காரம்மாவிடம் பேசி வைத்திருந்தாள். அவர் என்ன சொன்னாலும் சரி சார் என்று சொல்லிவிட்டுப் பெட்ரோலைப் போடு என்றிருந்தாள். பங்க்காரம்மா, இதெல்லாம் சொல்லணுமாக்கா என்றாள். இன்றைக்கு, போன தடவை மாதிரியே இருக்கட்டும் என்று ஊசியக்கா வண்டியை விட்டு இறங்கினாள். இந்தத் தடவை கழிப்பறைக்குப் போகவில்லை. வண்டிக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத மாதிரி, டேங்க் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பங்க்காரம்மா ஜன்னலில் குனிந்தாள். என்ன சார் என்றாள்.

"டீசல். ஃபுல் பண்ணிடும்மா. சீரோ பாத்துக்கோ."

அவர் குரலேதான். கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். சரி சார் என்று சொல்லிவிட்டுப் பங்க்காரம்மா பெட்ரோல் குழாயை எடுத்து மாட்டினாள், ஊசியக்காவைப் பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு பேரும் கெட்டுவிடுவார்கள். எண்கள் ஓடின. குழாய் டக்கென்று நின்றது. மூடிய இறுக்கு என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. பங்க்காரம்மா இறுக்கினாள். ஊசியக்காவும் ஒரு தடவை கை வைத்து இறுக்கினாள்.

இவ்வளவு கிடைத்ததே போதும், இனி வாராவாரம் வந்து இதைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்துக்கொண்டே அவள் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். சாவியைத் தொடவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார். அன்றைக்குப் போலவே வாய் திறந்தது, உதடு குவிந்தது. இந்தத் தடவை அவள் அப்புறம் என்று சொல்லவில்லை.

"நீ தூங்கு" என்றார்.

அதை அவள் மறந்தே போயிருந்தாள். டீசல், ஃபுல், சீரோ, மூடி, கடைசியில் இது. நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன். அதைக் கேட்டுத்தானே ஒவ்வொரு பயணத்திலும் சீட்டைச் சாய்த்தாள். மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை. அவரும் அதற்காகக் கஷ்டப்படவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவர் மாதிரி ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார். பதினான்கு மாதமாக அவளை எல்லாரும் சாப்பிடு என்றார்கள், தைரியமா இரு என்றார்கள், உடம்பைப் பாத்துக்கோ என்றார்கள். தூங்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஊசியக்கா வண்டியை எடுத்தாள். ரோட்டுக்குப் போகவில்லை. காற்றடிக்கிற மெஷினைத் தாண்டி, சுவரோரமாக, நிழலில் கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியைத் திருகி அணைத்து, உருவி, அவருடைய இடது கையில் கொடுத்தாள். சீட்டுக்குக் கீழே தடவி லீவரைக் கண்டுபிடித்துச் சாய்த்தாள். இந்த வண்டியின் சீட்டு எவ்வளவு தூரம் சாயும் என்றுகூட அவளுக்கு அதுவரை தெரியாது. காலை பத்து மணி, வேலை நாள், பங்கில் வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. கண்ணை மூடினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாதித் தூக்கத்தில் ஜன்னலை யாரோ தட்டுவது கேட்டது. காத்து அடிக்க ஒரு லாரி வருது சார், வண்டியைக் கொஞ்சம் எடுக்கணும் என்று பங்க்காரம்மா மெதுவாகச் சொல்வது கேட்டது. சாவிக்கொத்து குலுங்கி, மறுபடி கைக்குள் இறுகுகிற சத்தமும் கேட்டது.

"அதான்" என்றார் அவர், இழுத்து.

அது வேண்டாம் என்கிற அதான். பங்க்காரம்மாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், லாரியை அந்தப் பக்கம் போகச் சொல்லும் குரல் தள்ளிப் போனது. ஊசியக்கா கண்ணைத் திறக்கவில்லை, ஒருக்களித்துப் படுத்து மறுபடி தூங்கிப்போனாள்.